மறைக்குட்டி

ராஜபாளையம் நாய்க்குட்டி கேட்டு என்னிடம் வருகிறவர்கள் கோயம்புத்தூர்க்காரர்களாக இருந்தாலும் சரி, கம்பம் பள்ளத்தாக்குத் தோப்புக்காரர்களாக இருந்தாலும் சரி, முதலில் கேட்பது இதைத்தான்: "மூக்கு ரோஸ்தானே அண்ணாச்சி? உடம்புல எங்கயும் மறை இல்லையே?" வெள்ளை உடம்பில் திட்டாக விழும் கருப்பையோ பழுப்பையோ எங்கள் பக்கம் மறை என்போம். சில குட்டிக்குக் காதில் இருக்கும், சிலதுக்கு வாலடியில், சிலதுக்கு ஒரு கண்ணைச் சுற்றி. நாற்பது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தாயின் குணம் எப்படி, தகப்பன் ராத்திரியில் தோட்டத்தில் தனியாக நிற்குமா, இரண்டும் எவ்வளவு நெருங்கிய ரத்தம் என்று கேட்டவர்கள் குறைவு. குட்டிக்கு இரண்டு காதும் கேட்கிறதா என்று கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. இந்தக் கட்சிக்காக ஊரில் பலரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னமும் விடவில்லை.

நான் தொழில் பழகியது எழுபதுகளின் கடைசியில், ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில். தோப்புக்குச் சொந்தக்காரரான பெரியவர் நாய் வளர்ப்பில் பேர் பெற்றவர். அன்றைக்குக் குட்டியைக் காசுக்கு விற்பதைவிட வேண்டியவர்களுக்குக் கொடுப்பதுதான் கௌரவம். ஒரு நல்ல கடுவன் எந்த வீட்டில் நிற்கிறது, அதன் தாய் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதெல்லாம் பேப்பர் இல்லாமலே எல்லோருக்கும் மனப்பாடம். பாளையக்காரர் காலத்தில் போருக்குப் போன சாதி இது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். இருட்டில் காட்டுப்பன்றி மேல் பாயும்போதும் தோப்புக்குள் திருடனை மடக்கும்போதும் எஜமான் கண்ணுக்கு நாய் தெளிவாகத் தெரியும், அதனால்தான் வெள்ளை என்று பெரியவர் காரணம் சொல்வார். உண்மையோ என்னவோ, பால்வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, தங்க நிறக் கண் என்ற மூன்றும் சேர்ந்து நிற்கும் ஒரு ராஜபாளையத்தைப் பார்த்தவன் அந்த அழகை மறக்க மாட்டான். நானும் அதற்கு மயங்கித்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

ஈன்ற மறுநாள் காலையில் பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு வருவார். குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, வெயிலில் வயிற்றையும் காதின் உள்பக்கத்தையும் விரலால் விலக்கிப் பார்ப்பார். மறை இருந்தால் அந்தக் குட்டி தாயிடம் திரும்பிப் போகாது. தனியாக ஒரு கூடையில் வைப்பார். பொழுது சாய்வதற்குள் தண்ணீர்த் தொட்டியில் அதன் கதை முடிந்துவிடும். "ஒண்ண விட்டா அடுத்த ஈத்துல நாலு வரும்டா தம்பி. தாய்க்கும் பால் மிச்சம்" என்பார். அவர் இரக்கமில்லாத மனிதர் இல்லை. நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் ராத்திரி முழுக்க அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். குலத்தைக் காப்பாற்றும் கடமை என்று நினைத்துத்தான் அதைச் செய்தார். எங்கள் ஊரில் நாய் வைத்திருந்த பல வீடுகளில் இதுவே நடந்தது. கருப்பாகவும் பழுப்பாகவும் பிறந்த ராஜபாளையம் குட்டிகள் இல்லாமல் இல்லை. அவற்றை வளரவிட்டதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் காது கேட்காத குட்டியை யாரும் கழிக்கவில்லை. கழிக்கவும் முடியாது. பிறந்த அன்று எல்லாக் குட்டிக்கும் கண்ணும் காதும் மூடித்தான் இருக்கும். காது திறக்கவே இரண்டு வாரம் ஆகும். கூட்டமாக இருக்கும் வரை செவிட்டுக் குட்டியை அடையாளம் காண்பது லேசில்லை. மற்ற குட்டிகள் எழுந்து ஓடினால் அதுவும் ஓடும். தட்டைத் தட்டினால் தரையின் அதிர்வில் தலையைத் தூக்கும். கையைத் தட்டினால் கை அசைவதைப் பார்க்கும். ஆக, கண்ணுக்குத் தெரிந்த மறை சாவுக்குப் போனது. கண்ணுக்குத் தெரியாத செவிடு நல்ல வீட்டுக்குப் போய், நல்ல கடுவன் என்று பேர் வாங்கி, ஊர் முழுக்கக் குட்டி போட வைத்தது.

எண்பதுகளின் நடுவில் அப்படி ஒரு கடுவன் இருந்தது. அதைப்போல வெள்ளையை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. ஒரு கண் மட்டும் லேசாக நீலம் ஓடியிருக்கும். அந்தப் பூனைக்கண்ணை அழகு என்று சொல்லி அதை இணை சேர்க்கத் தூரத்திலிருந்தெல்லாம் பொட்டைகளைக் கொண்டுவருவார்கள். பிறகு அதைக் கம்பம் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றுக்குக் கொடுத்தார்கள். சில மாதத்தில் அங்கிருந்து ஆள் வந்தது. தோப்பு வேலைக்காரரின் பிள்ளையை நாய் கடித்துவிட்டது, நாய்க்கு வெறி, என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். வெறி எதுவும் இல்லை. தூங்கிக்கொண்டிருந்த நாயைப் பிள்ளை தொட்டிருக்கிறது. எழுப்பக் கூப்பிட்டது நாய்க்குக் கேட்கவில்லை. திடுக்கிட்டு எழுந்த வேகத்தில் வாய் போய்விட்டது. அது தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தேன், தகரத்தைத் தரையில் படாமல் பிடித்துத் தட்டிப் பார்த்தேன். காது மடல்கூட அசையவில்லை. பிறவியிலேயே முழுச் செவிடு. ஆனால் அதற்குள் அதன் பிள்ளைகள் விருதுநகர், தேனி மாவட்டங்கள் முழுக்க நிறைந்திருந்தன.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கால்நடை மருத்துவர் எனக்கு விஷயத்தை விளங்கச் சொன்னார். அதற்கு முன்னால், வெள்ளை என்றால் தோலில் சாயம் இல்லை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. நிறத்தைத் தரும் செல்கள் தோலுக்கு மட்டும் உரியவை அல்ல. கரு வளரும்போது அவை முதுகுத்தண்டு ஓரத்திலிருந்து கிளம்பி உடம்பெங்கும் பரவுகின்றன. உள்காதில் காக்ளியா என்ற சுருளுக்குள்ளும் போய் உட்கார்கின்றன. அங்கே அவற்றின் வேலை நிறம் கொடுப்பது அல்ல. ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்களைச் சூழ்ந்த நீரில் பொட்டாசியத்தின் அளவைக் காப்பது. அந்த நிறச்செல்கள் உள்காது வரை போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களில் ஒலியை உணரும் செல்கள் மடிந்துவிடும். மடிந்தவை திரும்ப முளைப்பதில்லை. நிறச்செல்கள் குறைவாகப் பரவும் பரம்பரையில் உடம்பு வெள்ளையாகும், கண் நீலமாகும், காதும் போகும். மூன்றுக்கும் வேர் ஒன்று.

எல்லா வெள்ளையும் இப்படி இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார். சமோயெட் என்ற சைபீரிய நாயைப் பாருங்கள். உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கும் உதடும் கண்ணிமை ஓரமும் கருகருவென்று இருக்கும். அதன் தோலில் நிறச்செல்கள் இருக்கின்றன, மயிருக்குத்தான் சாயம் போகவில்லை. வெள்ளை ஜெர்மன் ஷெப்பர்டும் அந்த வகை. ஜெர்மன் ஷெப்பர்டில் வெள்ளைக் குட்டி பிறந்தால் குறை என்று ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் சங்கங்கள் ஒதுக்கி வைத்தன. விட்டுக்கொடுக்காத சிலர் சுவிட்சர்லாந்தில் அதைத் தனி இனமாக வளர்த்து எடுத்தார்கள். 2003-இல் உலக நாய் வளர்ப்போர் கூட்டமைப்பு அதைத் தற்காலிகமாகவும் 2011-இல் நிரந்தரமாகவும் ஏற்றுக்கொண்டது. அந்த வெள்ளையால் காதுக்குக் கேடில்லை. டால்மேஷனின் வெள்ளை வேறு. மூக்கு கருப்பாக இருந்தும் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தவற்றில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்பதில்லை. அதே டால்மேஷனில் பிறக்கும்போதே பெரிய கருப்புத் திட்டோடு வரும் குட்டிகளுக்குச் செவிடு குறைவு. அந்தத் திட்டு உள்ள குட்டியைத்தான் விதிப்புத்தகம் கண்காட்சியிலிருந்து வெளியேற்றுகிறது. இதைக் கேட்ட அன்று எனக்குப் பெரியவரின் கூடைதான் நினைவுக்கு வந்தது.

புல் டெரியர் நாயின் கதையை வளர்ப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1860-களில் பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் ஹிங்க்ஸ் என்பவர் வெள்ளைப் புல் டெரியரை உருவாக்கினார். இங்கிலாந்தே அதன் பின்னால் போனது. கனவான்களின் நாய் வெள்ளையாகத்தான் இருக்கும் என்றாகிவிட்டது. வெள்ளைக்கு வெள்ளை என்று சேர்த்துக்கொண்டே போனதில் செவிடு பெருகியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலர் துணிந்து நிறத்தை மீண்டும் உள்ளே கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரர்கள் இடையே அது பெரிய சண்டையாகவே நடந்தது. அமெரிக்கச் சங்கம் 1936-இல் நிறமுள்ளவற்றைத் தனிப் பிரிவாக ஏற்றது. பிற்காலத்தில் கருவி வைத்துக் காதைச் சோதித்தபோது வெள்ளையில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குக் குறை இருந்தது. நிறமுள்ளவற்றில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். நம் ஊர் நாயைப் பற்றி நான் பேசுவதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவையில்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகு மறைக்குட்டியைத் தேடிப் போனேன். வீடுகளில் கிடைக்காது, கழித்திருப்பார்கள். தப்பிப் பிழைத்தவை கிடை ஆடு மேய்ப்பவர்களிடம்தான் இருந்தன. கூடையில் கிடந்ததை வேலைக்காரர் யாராவது இரக்கப்பட்டு எடுத்துக் கொடுத்திருப்பார். அப்படி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கீதாரியிடம் ஒரு பொட்டை நாயைப் பார்த்தேன். உடம்பு முழுக்க வெள்ளை, இடது காது மட்டும் மையைத் தொட்டு வைத்தது போலக் கருப்பு. மைக்காதி என்று கூப்பிட்டார்கள். கீதாரி தூரத்திலிருந்து நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுத்தால் போதும், கிடையின் மறுகோடியிலிருந்து வந்து நிற்கும். தகப்பன், தாய் இரண்டும் ஊரறிந்த வீட்டு நாய்கள். மறை என்று வெறுத்துக் கொடுத்துவிட்டார்களே என்று நான் கேட்டபோது அவர் சொன்னார்: "நிறத்தப் பாத்தா ஆடு மேய்க்க முடியுமா அண்ணே? கூப்ட்டா வரணும், அம்புட்டுதான்."

மைக்காதியை நல்ல வெள்ளைக் கடுவனோடு சேர்த்தேன். குட்டிகளில் பாதிக்கு மேல் சுத்த வெள்ளை, மற்றவற்றுக்குத் தலையிலோ வாலடியிலோ மறை. ஒன்றையும் கழிக்கவில்லை. ஒவ்வொரு குட்டியையும் தனியறையில் தூங்கவிட்டு, பின்னாலிருந்து சத்தம் கொடுத்துப் பார்த்தோம். அத்தனையும் விழித்தன. இந்தச் சோதனையில் முழுச் செவிடுதான் பிடிபடும், ஒரு காது மட்டும் கேட்காத குட்டி தப்பித்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அதுவரை நான் பார்த்த ஈத்துகளில் ஒன்றாவது தூங்கிக்கொண்டே கிடக்கும். இந்த வித்தியாசத்தை என் கண்ணால் பார்த்தேன். அந்த வழி நாய்களுக்கு இன்னொரு நல்லதும் இருந்தது. ராஜபாளையத்தின் ரோஸ் தோல் நம் வெயிலுக்குப் படாத பாடு படும், மூக்கும் இமையும் வெந்து புண்ணாகும், சொறியும் சீக்கிரம் வரும். மைக்காதியின் வாரிசுகளில் அந்தத் தொல்லை குறைவாக இருந்தது. மறைதான் காரணம் என்று சொல்லமாட்டேன். புது ரத்தம் வந்ததால் இருக்கலாம். சில வீட்டு நாய்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது.

பெரியவர் என் கொட்டகைக்கு வந்து மறைக்குட்டிகளைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அவர் மகன்தான் பிறகு வந்து, "அப்பா வருத்தப்படுறாங்க. ஊர்ப் பேர் கெட்டுப்போகும்னு சொல்றாங்க" என்றார். ஊர்ப் பேர் இனத்தின் பேரோடு ஒட்டியிருக்கும்போது அந்த வருத்தம் நியாயமானது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

கண்காட்சிக்காரர்களோடு நடந்த வாக்குவாதம் வேறு மாதிரி. மே மாதத்தில் ஊட்டியில் நடக்கும் கண்காட்சிக்கும் சென்னையில் நடப்பவற்றுக்கும் நான் தவறாமல் போவேன். ஒருமுறை, வாலடியில் உள்ளங்கை அகலம் பழுப்பு மறை உள்ள ஒரு கடுவனை வேண்டுமென்றே ரிங்கில் கொண்டுபோய் நிறுத்தினேன். எலும்பு, நடை, நெஞ்சு, பல் எல்லாவற்றையும் ஜட்ஜ் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். மறையைப் பார்த்ததும் வரிசையின் கடைசிக்கு அனுப்பினார். வெளியே வந்த பிறகு அவரிடமே கேட்டேன். "நாய் நல்ல நாய். எனக்குக் கொடுத்த புத்தகத்தில் பால்வெள்ளை என்று இருக்கிறது. புத்தகத்தை மாற்றுங்கள், நான் வேறு மாதிரி பார்க்கிறேன்" என்றார். நேர்மையான பதில். அன்றிலிருந்து என் கோரிக்கையை ரிங்கில் கேட்பதை விட்டுவிட்டேன். கண்காட்சியில் முதல் பரிசு வெள்ளைக்கே போகட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. இணை சேர்ப்பதற்கும் பதிவேட்டில் பேர் ஏறுவதற்கும் மறை தடையாக இருக்கக் கூடாது. பரிசு வேறு, பரம்பரை வேறு.

இதற்கு எதிராகப் பேசுகிறவர்களில் என் நெருங்கிய நண்பர் ஒருவர் உண்டு. சிவகாசிப் பக்கம் பெரிய கென்னல் வைத்திருக்கிறார். அவருடைய வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. "மாப்ளே, நீ நல்ல எண்ணத்துல கதவத் திறக்குற. அதுல யார் யார் நுழைவான்னு யோசிச்சியா? டால்மேஷனக் கலந்தவன், கிரேட் டேனக் கலந்தவன் எல்லாம் நாளைக்கு மறை ராஜபாளையம்னு சொல்லி விப்பான். வெள்ளைங்கிற ஒரே வேலிதான் இப்ப இருக்கு. அதையும் புடுங்கிட்டா என்ன மிஞ்சும்?" என்பார். கலப்பு நடந்திருக்கிறது என்பது உண்மைதான். கனத்த தலையும் தொங்கிய உதடுமாக ராஜபாளையம் என்ற பேரில் நிற்கும் நாய்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அவற்றில் பல சுத்த வெள்ளை! கலப்புக்காரனுக்கு வெள்ளை வேலி ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. வெள்ளையாகப் பிறந்ததை மட்டும் எடுத்து விற்றுவிடுகிறான். வேலி வேண்டும் என்றால் தகப்பன் தாயை நிரூபிக்கும் வேலி போடுவோம். 15 இலக்க எண் உள்ள மைக்ரோசிப்பைக் குட்டியின் தோலுக்கடியில் வைக்கலாம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் துடைத்து டிஎன்ஏ எடுத்துப் பெற்றோரோடு ஒப்பிடலாம். முன்னே இது நமக்கு எட்டாத விஷயம், இப்போது எட்டும். நண்பர் பாதி சம்மதிப்பார், பாதி மறுப்பார். எங்கள் பேச்சு பெரும்பாலும் நடுராத்திரியில்தான் முடியும்.

நிறத்தை வைத்துக் குற்றம் சாட்டும் பழக்கம் சிப்பிப்பாறை, கன்னி நாய்களில் இன்னும் மோசம். அங்கே நிறங்கள் ஏராளம், செவலை, மயிலை, சாம்பல் என்று மாட்டுக்குச் சொல்வதுபோல நாய்க்கும் பேர் உண்டு. கருப்பு உடம்பில் புருவத்திலும் காலிலும் செம்பட்டை விழுந்தால் கன்னி. அதிலேயே வெளுத்தது பால்கன்னி. கன்னி தனி இனம், சிப்பிப்பாறை தனி இனம் என்று ஒரு கட்சி. இரண்டும் ஒன்றுதான், நிறம்தான் வேறு என்று இன்னொரு கட்சி. கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இதனால் சம்சாரிகள் இருவருக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. ஒருவர் செவலைப் பொட்டையை மற்றவரின் செவலைக் கடுவனிடம் கொண்டுபோயிருக்கிறார். ஈத்தில் ஒரு குட்டி கன்னியாகப் பிறந்துவிட்டது. பொட்டையைக் கட்டிப்போடாமல் விட்டுவிட்டான், தெருவில் வேறு நாய் ஏறியிருக்கிறது என்று ஒருவர். உன் கடுவன் கலப்பு என்று மற்றவர். பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் அவர்களுக்குச் சொன்னது இதுதான். செவலை நிறம் மேலோங்கி நிற்கும் குணம், கன்னி நிறம் அடங்கிப் போகும் குணம். செவலை நாயின் உடம்புக்குள் கன்னிக்கான கூறு தலைமுறை தலைமுறையாக மறைந்திருக்கலாம். இரண்டு செவலைகளிடமும் அது இருந்து, இரண்டிடமிருந்தும் ஒரே குட்டிக்கு வந்து சேர்ந்தால் அந்தக் குட்டி கன்னியாகப் பிறக்கும். நாலில் ஒன்று அப்படி வர வாய்ப்பு உண்டு. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இதையே திருப்பிப் போட்டால், கன்னிக்கும் கன்னிக்கும் சேர்த்த ஈத்தில் செவலை பிறந்தால் அப்போது கேள்வி கேட்கலாம். இருவரும் என்னை நம்பவில்லை. ஆனால் அதே கடுவனை அதே பொட்டையோடு பூட்டிய கொட்டகைக்குள் வைத்து மறுபடியும் சேர்த்தபோது இன்னொரு கன்னிக்குட்டி வந்தது. அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டார்கள். இப்படிக் குற்றம் சுமந்து சாகடிக்கப்பட்ட பொட்டை நாய்கள் எத்தனையோ என்று நினைத்தால் இப்போதும் மனம் பதைக்கிறது.

2005 ஜனவரியில் இந்திய நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டார்கள். இமாலய ஆட்டு நாய், ராம்பூர், முதோல் ஆகியவற்றோடு நம் ராஜபாளையமும் அதில் இடம்பெற்றது. ஊரே கொண்டாடியது. 2017-இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு, நாட்டு நாய் என்ற பற்று இளைஞர்களிடம் வெள்ளமாக வந்தது. 2020-இல் கர்நாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் பதிவு செய்தது. அதே வருடம் ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலிப் பேச்சில் நம் நாய்களின் பேரைச் சொன்னார். மறுநாளிலிருந்து என் போன் ஓயவில்லை. இந்தப் பற்று உண்மையானது. அதனால்தான் சிப்பிப்பாறையும் கன்னியும் இன்று அழியாமல் இருக்கின்றன. ஆனால் அதோடு சந்தையும் வந்தது. சந்தை வந்ததும் அபூர்வம் என்ற ஆசையும் கூடவே வந்தது.

பெங்களூரிலிருந்து ஒரு இளைஞர் போனில் கேட்டார்: "சார், பிளாக் ராஜபாளையம் கிடைக்குமா? எவ்வளவு வேணும்னாலும் தரேன்." என்னிடம் தலை முழுக்கக் கருப்பாக ஒரு பொட்டை அப்போது இருந்தது. கொடுக்கவில்லை. மறைக்காக இவ்வளவு வாதாடுகிற நான் ஏன் மறுத்தேன் என்று அவர் கேட்டார். காரணம் நேரானது. மறையை வேண்டும் என்று நான் சேர்ப்பதில்லை. வந்தால் ஒதுக்குவதில்லை, அவ்வளவுதான். கருப்பை மட்டும் குறிவைத்து அண்ணனையும் தங்கையையும், தகப்பனையும் மகளையும் சேர்த்துக்கொண்டு போனால், அன்றைக்குப் பெரியவர் வெள்ளைக்குச் செய்ததை இன்றைக்கு நான் கருப்புக்குச் செய்வேன்.

மற்ற இனங்களில் அது நடந்து முடிந்துவிட்டது. மெர்ல் என்ற சிதறிய சாம்பல் நிறத்துக்கு உலகமெங்கும் கிராக்கி. அதற்கான மரபணுவை 2006-இல் கண்டுபிடித்தார்கள். மெர்லுக்கு மெர்ல் சேர்த்தால் நாலில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரட்டையாக வந்து சேரும். பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும் அந்தக் குட்டிக்குக் காதும் கண்ணும் போகும் ஆபத்து அதிகம். முன்பு மெர்லே இல்லாத இனங்களிலும் இப்போது அதைப் புகுத்துகிறார்கள். வெள்ளி நிற லாப்ரடார் என்று ஒன்றை இருமடங்கு விலைக்கு விற்கிறார்கள். சாக்லேட் நிறம் வெளுத்த வடிவம் அது. அப்படி வெளுத்தவற்றில் சிலதுக்கு மயிர் உதிர்ந்து தோல் கெடும் நோய் வருகிறது. அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்ற சண்டை அமெரிக்காவில் இன்னும் ஓயவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். லாப்ரடாரில் ஒரு காலத்தில் மஞ்சளையும் குறையாகத்தான் நினைத்தார்கள். கருப்புதான் லாப்ரடார் என்றிருந்த இங்கிலாந்தில் 1899-இல் பிறந்த பென் ஆஃப் ஹைட் என்ற நாய்தான் பதிவேட்டில் ஏறிய முதல் மஞ்சள் லாப்ரடார். இன்று நம் தெருவெல்லாம் மஞ்சள் லாப்ரடார்தான். ஆகவே புத்தகத்தில் இல்லாத நிறம் என்றாலே கேடு என்று நான் சொல்லமாட்டேன். புதிதாக ஒரு நிறம் வரும்போது அதோடு உடம்புக்குள் வேறு என்ன வருகிறது என்று கேட்பேன். மஞ்சளோடு எந்தக் கேடும் வரவில்லை. இரட்டை மெர்லோடு வருகிறது. நம் வெள்ளையோடும் வருகிறது, அது புத்தகத்தில் இருக்கும் நிறமாகவே இருந்தாலும்.

2017-இல் மத்திய அரசு நாய் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் விதிகள் கொண்டுவந்தது. பதிவு இல்லாமல் தொழில் செய்யக் கூடாது, எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியை விற்கக் கூடாது, பொட்டையை வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் ஈன வைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. எட்டு வாரம் என்ற அந்த விதியால் எனக்குப் பெரிய உதவி. மூளை வரை ஒலி போய்ச் சேருகிறதா என்று மின்முனைகள் வைத்துப் பார்க்கும் பேயர் (BAER) என்ற சோதனையை ஐந்தாறு வாரக் குட்டிக்குச் செய்துவிடலாம். ஒவ்வொரு காதையும் தனித்தனியாகக் காட்டும். சாவிக்கொத்தில் தப்பித்த ஒற்றைக் காதுக் குறையும் இதில் மாட்டிக்கொள்ளும். ஒரு காது கேட்கும் நாய் வீட்டுக் காவலுக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அதை இணை சேர்க்கக் கூடாது. சோதனைக்குப் பிறகுதான் குட்டி என் வாசலைத் தாண்டும்.

செலவு இருக்கிறது, அலைச்சலும் இருக்கிறது. ஐந்து வாரக் குட்டிகளைக் கூடையில் வைத்துக்கொண்டு ராத்திரி வண்டியில் தூரத்து ஊருக்குப் போய்வருவதைச் சின்ன வளர்ப்பாளர்கள் எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது. ராஜபாளையத்திலேயே மாதம் ஒருநாள் கருவியோடு மருத்துவர்கள் வந்து உட்கார வேண்டும் என்று அதிகாரிகளிடமும் சங்கத்தாரிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முகாம் நடந்தால், வெள்ளையோ மறையோ, சோதித்த ஒவ்வொரு நாயின் முடிவும் தகப்பன் தாய் பேரோடு ஒரே பேரேட்டில் ஏற வேண்டும். இரண்டு மூன்று தலைமுறைக்கு அப்படி எழுதி வந்தால் எந்த வழியில் செவிடு ஓடுகிறது, மறையால் உண்மையிலேயே நன்மை இருக்கிறதா என்பது நம் ஊர் நாயிலேயே தெரிந்துவிடும். பிறகு டால்மேஷனையும் புல் டெரியரையும் நான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியதில்லை.

சிவகாசி நண்பர் போன மாதம் வந்திருந்தார். அவருடைய சிறந்த வெள்ளைப் பொட்டையின் ஈத்தில் இந்தமுறை இரண்டு குட்டிக்குக் காது சந்தேகம் என்று சொன்னார். என் கொட்டகையில் மைக்காதி வழியில் வந்த, வலது கண்ணைச் சுற்றிக் கருப்பு மறையுள்ள கடுவனைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். நடக்கவிட்டுப் பார்த்தார். அதன் சோதனைத் தாளை வாங்கி இரண்டு காதுக்குமான கோடுகளையும் பார்த்தார். "இதோட சேக்குறேன். ஆனா மறைக்குட்டியெல்லாம் நீயே எடுத்துக்கணும்" என்றார். எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பொட்டை அடுத்து சினைக்கு வருவது மார்கழியில்.